கானாவுக்குப் பின்னால் ஒரு பேண்டு

சைதாப்பேட்டைச் சந்தில், சாவு வீட்டு வாசலில் பாடும் மரண கானா மைக் இல்லாமலே எடுபடுகிறதென்றால் அதற்குப் பாடுபவரின் தொண்டை மட்டும் காரணமல்ல. பத்தடி தள்ளியிருக்கும் சுவரில் மோதிய குரல் 1/50 விநாடிக்குள் திரும்பி வந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் வருவதைக் காது எதிரொலியாகப் பிரிப்பதில்லை. மூலக் குரலோடு சேர்த்துத் தடிமனாகக் கேட்டுக்கொள்கிறது. ஸ்டுடியோச் சுவரோ ஒலியை உறிஞ்சிவிடும். ஆகவே ஒற்றைக் குரலை மட்டும் பதிந்தாலும் சந்தில் கேட்ட பாட்டு அப்படியே கிடைக்காது. பேண்டு சேர்ந்தால்தான் கானா கெடும் என்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2018 ஜனவரியில் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித், இசைக்கலைஞர் டென்மா ஆகியோரின் முயற்சியில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவினர் 19 பேர் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறினார்கள். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்திலேயே பறையும் சட்டி என்ற தாளக் கருவியும் முழங்கின. இதெல்லாம் கானாவா என்ற கேள்வி எனக்குப் பலவீனமாகவே படுகிறது. சினிமா மெட்டை எடுத்துத் தன் சொல்லைப் போட்டுப் பாடத் தயங்காத கலை இது. உண்மையான சிக்கல் அலைவரிசையில் இருக்கிறது. சொல் தெளிவாகக் கேட்பதற்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மிக முக்கியம். கரகரக்கும் எலெக்ட்ரிக் கிட்டாரும் அங்கேதான் வந்து அடைத்துக்கொள்ளும். ஒரே பகுதியில் இரண்டு ஒலி இருந்தால் உரத்தது மெல்லியதை மறைக்கும். சொல்லுக்காகவே கேட்கப்படும் கானாவில் இது பெரிய இழப்பு. மிக்ஸிங்கில் கிட்டாரின் அந்தப் பகுதியைக் குறைக்கலாம். ஆனால் பாட்டின் அடி முடியும் வரை கிட்டார் அடங்கியிருந்து, பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நுழைவதே நல்ல வழி.

தோல் கருவிக்கு வேறு சங்கடம். பறையைத் தீயில் காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகும். இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி இரு மடங்காகும். சென்னையின் ஈரக்காற்றில் அது மெல்ல இறங்க, பேஸ் கிட்டார் நின்ற சுருதியிலேயே நிற்கும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் முன்பு பறையைக் காய்ச்சியாக வேண்டும். தாளத்துக்கு ஒரே சீராகத் தட்டும் ‘கிளிக்’ ஒலியைக் காதில் ஓட்டினால் கானாவின் இழுப்பும் நெருக்கலும் செத்துவிடும் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. முதலில் பாடகரையும் சட்டி அடிப்பவரையும் ஒரே அறையில் பாடவிட்டுப் பதிந்து, அந்த நடைக்கேற்ப மற்றவர்களை வாசிக்கச் செய்யலாம். அப்போது சட்டியின் ஒலி குரல் மைக்கிலும் ஏறும். ஒரு சொல் பிசகினாலும் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது, முழுப் பாட்டையும் திரும்பப் பாட வேண்டும். ஸ்டுடியோ வாடகையோ மணிக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.