ஒற்றைச் சிறுநீரகத்தோடு வளரும் என் பெண்

என் பெண்ணுக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். இடது பக்கம் இருக்க வேண்டியது உருவாகவே இல்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அழுதேன். இப்போது அவளுக்கு வயது 15. கோ-கோ ஆடுகிறாள், என்னைவிட உயரம். இதே செய்தியைக் கேட்டுக் கலங்கிப் போயிருக்கும் இளம் தாய்மார்களே, முதலில் பயத்தை விடுங்கள். ஆனால் நான் செய்த ஒரு தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதைச் சொல்கிறேன். 1000 முதல் 2000 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறதாம். இருக்கிற ஒரு சிறுநீரகம் தாய் வயிற்றிலேயே பெரிசாக வளர ஆரம்பித்து, இரண்டின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்கிறது. கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே அடுப்பில் சமைக்கிற மாதிரிதான். சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடும், அடுப்புக்குத்தான் ஓய்வில்லை. சிறுநீரகத்தில் லட்சக்கணக்கில் இருக்கும் வடிகட்டிகள் பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. வருஷக் கணக்கில் கூடுதல் சுமை ஏறும்போது, சில பிள்ளைகளுக்குச் சிறுநீரில் புரதம் கசியும், ரத்த அழுத்தம் ஏறும். ஆரம்பத்தில் வலி, வீக்கம் ஒன்றும் இருக்காது. குழந்தைதான் நன்றாக ஓடியாடுகிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

1954-ல் பாஸ்டனில் தன் இரட்டைச் சகோதரருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்த ரொனால்ட் ஹெரிக், 2010-ல் 79 வயதில்தான் இறந்தார் என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். டாக்டரம்மா சிரித்தார். "அவர் 23 வயசில் கொடுத்தார். உங்க பொண்ணு முதல் நாள்லேருந்தே ஒண்ணோட இருக்கா. ரெண்டும் வேற" என்றார்.

இனி என் தப்பு. "பொம்பளைப் பிள்ளை. நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஆகணும். வெளியில மூச்சு விடாதே" என்றார் மாமியார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. சொந்த நாத்தனாரிடம்கூடச் சொல்லவில்லை. 2019 கோடை விடுமுறைக்கு மயிலாடுதுறையில் நாத்தனார் வீட்டுக்குப் போனவளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, கூடவே காய்ச்சல். நாத்தனார் நல்ல மனசோடுதான் மருந்துக் கடையில் கேட்டு, இபுபுரூஃபன் சிரப் வாங்கி இரண்டு நாள் மூன்று வேளையும் கொடுத்திருக்கிறாள். உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்த மருந்து சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். மூன்றாம் நாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை காலையிலிருந்து சிறுநீரே கழிக்கவில்லை. முந்தின வருஷம் 0.6 இருந்த கிரியாட்டினின் 1.9. டிரிப்ஸ் ஏற்றினார்கள். பழைய அளவுக்கு இறங்க மூன்று வாரம் ஆயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?" என்று கேட்டாள். எனக்கு வாயே திறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் பையில் ஒரு அட்டை இருக்கிறது. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் கூடாது. மாதவிலக்கு வலிக்குத் தோழிகள் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் இந்தக் கடைசி ரகம்தான். கவனம்! வெந்நீர்ப் பை ஒத்தடமே எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

வருஷா வருஷம் மே மாதம் பரிசோதனை. காலையில் முதல் சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம், டாக்டர் சொல்கிறபோது ரத்தமும் ஸ்கேனும். ரத்த அழுத்தம் பார்க்கும்போது குழந்தையின் கைக்கேற்ற பட்டை வேண்டும் என்று கேளுங்கள். பெரியவர்களுடையதைச் சுற்றினால் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். அதேபோல 120/80 நமக்குத்தான் சரி. ஏழு வயதுக் குழந்தைக்கு அது அதிகம்.

சமையலில் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. பருப்பு, பால், முட்டை எல்லாம் உண்டு. வளருகிற பிள்ளைக்குப் புரதத்தை நிறுத்தக் கூடாது. டப்பாவில் விற்கும் புரோட்டீன் பவுடர் மட்டும் வேண்டாம் என்றார். குறைத்தது உப்பைத்தான். வடுமாங்காய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் பண்டிகைக்கு மட்டும். ஆறு மாதத்தில் வீட்டுக்கே நாக்கு பழகிவிட்டது, மாமியாரைத் தவிர!

உண்மையான தலைவலி பள்ளிக்கூடக் கழிப்பறைதான். அசுத்தத்துக்குப் பயந்து பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு மாலை வரை இருந்துவிடுகிறார்கள். அதனால் தொற்று வரும். இவளுக்கு இரண்டு தடவை வந்தது. டீச்சரிடம் போய்ப் பேசி, பாடத்தின் நடுவிலும் போக அனுமதி வாங்கினேன்.

பெண் குழந்தையின் தாய்மார்களுக்கு இன்னொன்று. சிறுநீரகமும் கர்ப்பப்பையும் கருவில் அடுத்தடுத்து உருவாகிறவை. ஒரு சிறுநீரகம் இல்லாமல் பிறந்த சில பெண்களுக்குக் கர்ப்பப்பை அமைப்பிலும் மாறுதல் இருக்கலாம். வயதுக்கு வந்ததும் ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள். இவளுக்குப் பார்த்தோம், நல்லபடியாக இருந்தது.

கல்யாணப் பேச்சு வந்தால் என்ன செய்வாய் என்று இப்போதும் கேட்கிறார்கள். சொல்லத்தான் போகிறேன். இவளைப் போன்றவர்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். விஷயமே தெரியாத வீட்டில் யார் கவனிப்பார்கள்? இதை மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "முதல்ல நான் டென்த் எழுதி முடிச்சுக்கறேம்மா!"