குளிசையும் கருப்பையும்

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் அங்குள்ள பெண்கள் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வரப் பாதைப் படகை நம்பியிருந்தார்கள். மூதூரார் கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்றால் மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரை போகவேண்டியிருந்தது. இன்று வழி சுருங்கிவிட்டது. ஆனால் சிகிச்சைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் வீட்டில் விழுங்கும் குளிசையைப் பற்றிய விளக்கமும் அந்த வீடுகளை எட்டவேண்டும்.

அந்தக் குளிசைகளில் ஒன்று தமொக்சிஃபென். அது 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுகூடத்தில் டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கியது. தேடியது கருத்தடை மருந்து. கிடைத்தது புற்றுநோய் மருந்து. 1973இல் பிரித்தானியா அதை அனுமதித்தது. மார்பகத்தில் அது ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு புற்றை வளரவிடாது. கருப்பையின் உட்சவ்விலோ அதுவே ஈஸ்ட்ரஜனைப்போல் வேலை செய்யும். சவ்வு தடிக்கும், சதைமுளைகள் வரும், சிலருக்குப் புற்றும் வரும்.

1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு அந்த ஆபத்தின் அளவைக் காட்டியது. குளிசை எடுக்காத ஆயிரம் பெண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாக வந்த கருப்பைப் புற்று, எடுத்தவர்களில் இரண்டு பேருக்குச் சற்றுமேல் வந்தது. கூடுதல் ஆபத்து 50 வயது கடந்தவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பயத்தில், குளிசை எடுப்போருக்கெல்லாம் ஸ்கான் செய்து பார்க்கும் வழக்கம் பல நாடுகளில் வந்தது. இந்த மருந்து சவ்வுக்குக் கீழுள்ள திசுவையும் வீங்கச் செய்வதால், ஆபத்தில்லாத கருப்பையும் ஸ்கானில் தடித்தே தெரியும். எத்தனையோ பெண்கள் வீணாகக் கருப்பை சுரண்டலுக்கு ஆளானார்கள். இன்று அறிகுறியில்லாத பெண்ணுக்கு வழக்கமான ஸ்கான் தேவையில்லை என்பதே வழிகாட்டல். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், மாதவிடாய் நிற்காதவருக்கு வழக்கத்துக்கு மாறாகப் போனாலும், உடனே பரிசோதிக்கவேண்டும். இதை நான் நல்ல மாற்றம் என்பேன். ஆனால் இப்போது எல்லாம் அந்தப் பெண் வாய்திறந்து சொல்வதில் தங்கியிருக்கிறது. உடம்புச் சூடு என்று தள்ளிப்போடுகிறவர்களும், மகளிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு இன்று லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்றவையும் உண்டு. அவை சவ்வைத் தடிக்கவிடா, எலும்பைத்தான் தேய்க்கும்.

2012இல் வெளியான அட்லஸ் ஆய்வின்பின் பலருக்குத் தமொக்சிஃபென் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டது. நீட்டித்தவர்களில் அடுத்த பத்தாண்டில் மார்பகப் புற்றால் இறந்தோர் நூற்றுக்கு 15இலிருந்து 12 ஆகக் குறைந்தார்கள். கருப்பைப் புற்று நூற்றுக்கு 1.6இலிருந்து 3.1 ஆகக் கூடியது. அதனால் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே பயந்து குளிசையைத் தானாக நிறுத்தவேண்டாம். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் தாதியோ வைத்தியரோ, “இரத்தம் ஏதும் படுதா அம்மா?” என்று திரைக்குப் பின்னால் தனியாகக் கேட்கட்டும்.