60 வயசுக்கு மேல டைம்ஷேர் வாங்கலாமா? கையெழுத்துக்கு முன்னாடி உங்க 'பிரேக்-ஈவன் வயசு' பாருங்க

போன வாரம் காரவள்ளியில இருந்து ஒரு அம்மா அனுப்பின கேள்வி இது:

"தம்பி, எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சுங்க. அவருக்கு 61, எனக்கு 58. சேலத்துல ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, மூணு மணி நேரம் பேசினாங்க. 25 வருஷத்துக்கு வருஷம் 7 நாள் ரிசார்ட்ல தங்கலாமாம். அன்னைக்கே கையெழுத்துப் போட்டா பாதி விலைன்னு சொன்னாங்க. யோசிச்சு சொல்றோம்னு வந்துட்டோம். தினமும் போன் வருது. வாங்கலாமா?"

அம்மா, முதல்ல ஒரு சபாஷ். மூணு மணி நேரம் பேச்சைக் கேட்டுட்டு, கையெழுத்துப் போடாம எழுந்து வர்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல. இப்ப உங்க கேள்விக்கு வருவோம். இதே கேள்வி பணி ஓய்வுப் பணம் கையில வந்த பல பேருக்கு இருக்கு. அதனால எல்லாருக்கும் சேர்த்தே எழுதறேன்.

டைம்ஷேர்னா என்ன வாங்கறோம்?

இந்தியாவுல இது புது விஷயம் இல்ல. சென்னையைச் சேர்ந்த ஸ்டெர்லிங் 1986-லயே ஆரம்பிச்சது. கிளப் மஹிந்திரா 1996-ல வந்தது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு ரிசார்ட்டுல வருஷத்துக்கு இத்தனை நாள் தங்கற உரிமையை முன்கூட்டியே மொத்தமா வாங்கிக்கறோம். அவ்வளவுதான்.

இங்க பொதுவா விக்கறது தங்கும் உரிமை மட்டும்தான், சொத்து இல்ல. உங்க பேர்ல கிரயப் பத்திரம் வராது, பட்டா வராது, வில்லங்கச் சான்றுல உங்க பேர் இருக்காது. பேங்குல அடமானம் வைக்க முடியாது. வருமான வரியில கழிவும் கிடையாது. "உங்களுக்குன்னு ஒரு மலை வீடு மாதிரி சார்"னு சொன்னா, அதுல 'மாதிரி'ங்கற வார்த்தையை மட்டும் நல்லா கேட்டுக்கோங்க.

செலவு ரெண்டு பகுதி. ஒண்ணு, ஆரம்பத்துல கட்டற மெம்பர்ஷிப் தொகை. இன்னொண்ணு, வருஷா வருஷம் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம். நீங்க அந்த வருஷம் போனாலும் கட்டணும், போகாட்டியும் கட்டணும். கட்டலைன்னா ரூம் புக் பண்ண முடியாது. சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் தனி.

கணக்குக்கு வருவோம்

அந்த அம்மா அனுப்பின கொட்டேஷன்ல மெம்பர்ஷிப் ரூ.4,00,000. 18% ஜிஎஸ்டி ரூ.72,000. ஆக மொத்தம் ரூ.4,72,000. வருடக் கட்டணம் வரியோட ரூ.18,000. இது விலைவாசிக்கு ஏத்த மாதிரி ஏறும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு. வருஷம் 6% ஏறுதுன்னு வெச்சுக்குவோம்.

25 வருஷத்துல இந்த வருடக் கட்டணம் மட்டும் சுமார் ரூ.9,87,500 வருது. ஆரம்பத்துல கட்டற தொகையை விட ரெண்டு மடங்குக்கும் மேல! 25-ஆவது வருஷம் கட்டணம் கிட்டத்தட்ட ரூ.73,000. அப்ப ஐயாவுக்கு வயசு 85.

சரி, இதுக்குப் பதிலா நேரா காசு கொடுத்து ரூம் எடுத்தா? இங்கதான் விற்பனையாளர்கள் ஒரு வேலை பண்றாங்க. ஒரு ராத்திரிக்கு 12,000, 15,000 ரூபாய் ரூமோட ஒப்பிட்டுக் காட்டுவாங்க. நீங்க ஒப்பிட வேண்டியது அந்த ரூமோட இல்ல. உங்க சொந்தக் காசுல போனா எந்த மாதிரி ரூம் எடுப்பீங்களோ, அதோட.

நீங்க வழக்கமா எடுக்கறது வரியோட ரூ.5,000 ரூம்னு வைங்க. 7 ராத்திரிக்கு ரூ.35,000. டைம்ஷேர் இருந்தா அந்த வருஷக் கட்டணம் ரூ.18,000. அப்ப முதல் வருஷ மிச்சம் ரூ.17,000. ரூம் வாடகையும் வருஷம் 6% ஏறும், அதனால மிச்சமும் அதே அளவு ஏறும். இப்படியே சேர்ந்து போட்ட ரூ.4,72,000 எப்ப திரும்ப வரும்?

17-ஆவது வருஷம். ஐயாவுக்கு அப்ப வயசு 77.

இதைத்தான் நான் 'பிரேக்-ஈவன் வயசு'ன்னு சொல்றேன். 35 வயசுக்காரருக்கு இதே கணக்குல 51 வயசு. அவருக்கு அதுக்கப்புறமும் 8 வருஷ லாபம் இருக்கு. அதே பிளான், அதே விலை. வயசு மட்டும்தான் வேற.

வேற மூணு விதமாவும் போட்டுப் பாத்துட்டேன்:

• நீங்க எப்பவுமே ரூ.9,000 ரூம்லதான் தங்கறவங்களா? அப்ப 9-ஆவது வருஷம், 69 வயசுல காசு திரும்பிடும். பரவாயில்ல, யோசிக்கலாம்.

• ரூ.5,000 ரூம், ஆனா வருஷத்துக்கு 4 ராத்திரிதான் போவீங்களா? வருஷ மிச்சம் வெறும் ரூ.2,000. போட்ட காசு திரும்ப 47-ஆவது வருஷம் ஆகும், வயசு 107. பிளானே 25 வருஷத்துல முடிஞ்சிடும்!

• ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போறீங்க, போகாத வருஷத்து நாட்களும் காலாவதி ஆயிடுதுன்னா? வருடக் கட்டணமே நீங்க மிச்சம் பிடிக்கற வாடகையை விட அதிகம். காசு திரும்பவே திரும்பாது.

70 வளைவுக் கணக்கு

கொல்லிமலைக்கு ஏறுற 70 கொண்டை ஊசி வளைவும் காரவள்ளியில இருந்துதான் ஆரம்பிக்குது. அந்த ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. 40 வயசுல பைக்குல பாட்டுப் பாடிக்கிட்டே ஏறின அதே ரோட்டுல, 70 வயசுல எத்தனாவது வளைவுல வண்டியை ஓரம் கட்டச் சொல்றோம்னு பாத்திருப்பீங்க. மேல போயி ஆகாய கங்கை பாக்கணும்னா ஆயிரம் படிக்கு மேல இறங்கி, திரும்ப ஏறணும். முட்டி ஒத்துக்கணும்ல?

வயசானா டூர் போகவே முடியாதுன்னு நான் சொல்லல. 80 வயசுல காசிக்குப் போயிட்டு வர்றவங்க இருக்காங்க. ஆனா போற இடமும், எத்தனை நாள் தங்கறோம்ங்கறதும் மாறும். மலைக்குப் பதிலா கோயில் ஊர், ஒரு வாரத்துக்குப் பதிலா ரெண்டு நாள், ரிசார்ட்டுக்குப் பதிலா பெங்களூர்ல மகள் வீடு. கண் ஆபரேஷன், முட்டி ஆபரேஷன், பேரன் பேத்தி பிறப்புன்னு ஒவ்வொண்ணும் ஒரு வருஷத்தை எடுத்துக்கும். டைம்ஷேர் கணக்கு 25 வருஷமும் ஒரே மாதிரி இருக்கும்னு நினைக்குது. வாழ்க்கை அப்படி இல்லையே.

ரொம்ப பேர் யோசிக்காத இன்னொரு விஷயம். டைம்ஷேரோட உண்மையான பலன் பீக் சீசன்லதான். மே மாசம், தீபாவளி, கிறிஸ்துமஸ் லீவுல ரூம் வாடகை எகிறும்போது அது கைகொடுக்கும். ஸ்கூல் போற பிள்ளைங்க இருக்கற குடும்பத்துக்கு வேற வழி இல்ல, அப்பதான் போக முடியும். ரிட்டயர் ஆனவருக்கு? ஜூலை மாசம் செவ்வாய்க்கிழமை கிளம்பினாலும் கேக்க ஆள் இல்ல! வார நாள்ல, கூட்டம் இல்லாத சீசன்ல அதே ரிசார்ட்டுலயே வாடகை குறையும். அதாவது, பணி ஓய்வு உங்களுக்கு ஏற்கெனவே இலவசமா கொடுத்த சலுகைக்கு நீங்க ரூ.4,72,000 கொடுக்கறீங்க.

"பேரப் பிள்ளைங்களோட போகத்தானே"ன்னு சொன்னா, நீங்க வாங்கற சீசன் எதுன்னு பாருங்க. சீசனைப் பல நிறுவனங்கள் கலர் வெச்சுப் பிரிச்சிருக்கும். விலை குறைஞ்ச கலர்ல பெரும்பாலும் பள்ளி விடுமுறை நாட்கள் வராது. வாங்கின பிறகுதான் இது தெரிய வரும்.

அதே பணத்தை வேற எங்க வைக்கலாம்?

ஐயாவுக்கு 60 தாண்டிடுச்சு. அஞ்சலகத்துலயோ பேங்குலயோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல, அதாவது எஸ்சிஎஸ்எஸ்-ல போடலாம். நான் இதை எழுதும்போது வட்டி 8.2%. ஒருத்தர் ரூ.30 லட்சம் வரை போடலாம், 5 வருஷம், அப்புறம் நீட்டிச்சுக்கலாம்.

ரூ.4,72,000-க்கு வருஷ வட்டி ரூ.38,704. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரூ.9,676 கணக்குல வந்து விழும். கட்டாம மிச்சமான வருடக் கட்டணம் ரூ.18,000-ஐயும் சேர்த்தா டூருக்கு வருஷம் ரூ.56,704. ரூ.5,000 ரூம்ல 7 ராத்திரி தங்கின பிறகும் கார், சாப்பாட்டுக்கு ரூ.21,704 மிச்சம். (வட்டிக்கு உங்க வரி வரம்பைப் பொறுத்து வரி உண்டு.)

"வாடகை ஏறும், வட்டி ஏறாதே"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதனால அந்த 8.2% வட்டியையும் சேர்த்து முழுக் கணக்கும் போட்டேன். ரூ.5,000 ரூம்காரருக்கு 25 வருஷமும் தவறாம போனாலும் டைம்ஷேர்ல போட்ட காசு திரும்ப வரல. இன்னொண்ணு, எஸ்சிஎஸ்எஸ்-ல அசல் அப்படியே இருக்கு. திடீர்னு ஆஸ்பத்திரிச் செலவுன்னா கொஞ்சம் அபராதம் கழிச்சுக்கிட்டு எடுத்துக்கலாம். டைம்ஷேரை அப்படி உடைக்க முடியாது. மறுவிற்பனைக்குப் பெரிய சந்தையும் கிடையாது.

"இது முதலீடு சார்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க

தங்கலைன்னா வட்டியோட காசு திருப்பித் தர்றோம்னு யாராவது சொன்னா உஷார். மும்பையைச் சேர்ந்த பான்கார்டு கிளப்ஸ் இப்படித்தான் 'ரூம் நைட்'னு வித்தாங்க. தங்கிக்கலாம், இல்லைன்னா முடிவுல தொகையா வாங்கிக்கலாம்னு திட்டம். இது விடுமுறைத் திட்டமே இல்ல, அனுமதி வாங்காத கூட்டு முதலீட்டுத் திட்டம்னு செபி சொன்னது. 2016-ல சுமார் ரூ.7,035 கோடியைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு போட்டது. பணம் போட்டவங்க சுமார் 51 லட்சம் பேர். உத்தரவு வந்தும் வருஷக்கணக்குல காத்திருந்தாங்க. எல்லா டைம்ஷேர் கம்பெனியும் இப்படின்னு அர்த்தம் இல்ல. ஒழுங்கா நடத்தற நிறுவனங்களும் இருக்கு. ஆனா விடுமுறையை விடுமுறையா வித்தா மட்டும் காது கொடுங்க.

அப்படியும் வாங்கறதா இருந்தா

1. அன்னைக்கே கையெழுத்துப் போடாதீங்க. ஒப்பந்தத்தோட நகலை வீட்டுக்குக் கேளுங்க. தரமாட்டேன்னா அதுவே பதில்.

2. ரத்து பண்ற காலம் எவ்வளவுன்னு பாருங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 14 நாள் சட்டப்படி உரிமை. இந்தியாவுல டைம்ஷேருக்குன்னு தனிச் சட்டம் இல்ல. ஒப்பந்தத்துல எழுதினதுதான் கணக்கு. ரத்து பண்றதுன்னா போன்ல மட்டும் சொல்லாதீங்க, மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்க.

3. வாயால சொன்ன ஒவ்வொரு வாக்குறுதியையும் எழுத்துல கேளுங்க: இலவச விமான டிக்கெட், எந்த சீசன்ல வேணும்னாலும் ரூம், வருடக் கட்டணம் ஏறாது, எதுவா இருந்தாலும்.

4. உங்களுக்குப் பிறகு மெம்பர்ஷிப் யாருக்குப் போகும், மாற்றக் கட்டணம் எவ்வளவு, பிள்ளைங்க வேண்டாம்னா விலக முடியுமா? இதைப் பிள்ளைங்களைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே கேளுங்க. வருடக் கட்டணம் நாளைக்கு அவங்க தலையில வரலாம்.

5. 25 வருஷத்துக்குப் பதிலா குறுகிய காலத் திட்டம் இருக்கான்னு கேளுங்க. இருந்தா அதுக்கும் பிரேக்-ஈவன் வயசு போடுங்க.

6. இஎம்ஐ-ல வாங்கவே வாங்காதீங்க. பென்ஷன்ல டூருக்குக் கடன் வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்துட்டீங்களா?

முதல்ல 1915-க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். சரிவரலைன்னா நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில இருந்தாலும் நீங்க அங்க போக வேண்டியதில்ல. 2019 சட்டப்படி நீங்க வசிக்கற மாவட்டத்துலயே புகார் கொடுக்கலாம். காரவள்ளிக்காரங்களுக்கு நாமக்கல்தான். கட்டின தொகை ரூ.5 லட்சம் வரைன்னா கட்டணமே கிடையாது. பிரச்சினை வந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், தள்ளிப் போடாதீங்க.

என் பதில்

அம்மா, நீங்க சொன்ன கணக்குக்கு, உங்க வயசுக்கு, வேண்டாம். அந்தப் பணம் ஐயா பேர்லயே இருக்கட்டும், வட்டியில டூர் போங்க. ஒரு வருஷம் போக முடியலைன்னா அந்த வட்டி எங்கயும் போயிடாது, அடுத்த வருஷத்துக்கு சேரும்.

மத்தவங்க எல்லாரும் ஒரு தாள் எடுங்க. மெம்பர்ஷிப் தொகை, வருடக் கட்டணம், நீங்க வழக்கமா எடுக்கற ரூம் வாடகை, உண்மையா எத்தனை ராத்திரி போவீங்க, இந்த நாலையும் எழுதி உங்க பிரேக்-ஈவன் வயசைப் போடுங்க. வந்த வயசுல நீங்க மலை ஏறிக்கிட்டு இருப்பீங்களான்னு வீட்டுல உக்காந்து பேசுங்க. அதுக்கப்புறம் அந்த போனை எடுத்துப் பதில் சொல்லுங்க.