மஞ்சள் கடுதாசி வந்தால் எந்தக் கோர்ட்டில் தேடுவது?

திருப்பூர் காதர்பேட்டையிலோ சோமனூர் தறிப் பட்டறைகளிலோ ஒருவர் தொழிலில் படுத்துவிட்டால், டீக்கடைக்குத்தான் செய்தி முதலில் வரும். "அவரு ஐ.பி. போட்டுட்டாராமாங்க" என்பார்கள். ஐ.பி. என்றால் இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு. ஊர்ப்பேச்சில் மஞ்சள் கடுதாசி. நூல் கடனுக்குக் கொடுத்தவர், கைமாற்றுக் கொடுத்த பங்காளி, பட்டறைக்கு உதிரிப்பாகம் சப்ளை செய்தவர் என எல்லாரும் அன்றைக்கே "இனி அந்தக் காசு வராது" என்று கணக்கை மூடிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது அவசர முடிவு. ஒருவர் மனுப் போடுவது வேறு, கோர்ட் அவரைத் திவாலானவர் என்று அறிவிப்பது வேறு. கடன் கொடுத்தவர்கள் ஆட்சேபிக்கலாம், மனு தள்ளுபடியாகலாம், மனுதாரரே வராமல் விட்டுவிடலாம். உண்மையில் என்ன நடந்தது என்பது வழக்குக் கட்டைப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கட்டு எந்த ஊரில், எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதில்தான் பலர் தடுமாறிப்போகிறார்கள்.

அமெரிக்காவில் திவால் வழக்குகள் முழுக்க மத்திய நீதிமன்றங்களின் வேலை. அங்கே கவுண்டி கோர்ட்டில் போய்த் தேடினால் கிடைக்காது. ஆனால் பேசர் என்ற ஒரே இணையதளத்தில் பக்கத்துக்கு 10 சென்ட் கொடுத்து மனுவையும் கடன் பட்டியலையும் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். இங்கிலாந்தில் தனிநபர் திவால் பதிவேட்டை இலவசமாகவே பார்க்கலாம். நமக்கு அப்படி ஒரே வாசல் இல்லை. கடன்பட்டவர் யார் என்பதை வைத்து வாசல் மாறும்.

ஆகவே முதல் வேலை, நீங்கள் சரக்கு கொடுத்தது ஆளுக்கா கம்பெனிக்கா என்று பார்ப்பது. போர்டில் 'மில்ஸ்', 'எக்ஸ்போர்ட்ஸ்', 'இண்டஸ்ட்ரீஸ்' என்று இருப்பதை நம்பக் கூடாது. கொங்கு நாட்டில் அந்தப் பெயர்களில் பல, ஒற்றை ஆளின் தனியுரிமைத் தொழிலாகவோ அண்ணன் தம்பி கூட்டாகவோ இருக்கும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். தொழிலின் அமைப்பு தனியுரிமையா, கூட்டா, பிரைவேட் லிமிடெட்டா என்று அதிலேயே இருக்கும். தனியுரிமை என்றால் உரிமையாளரின் சட்டப்பூர்வப் பெயரும் வரும். கோர்ட்டில் தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான், போர்டுப் பெயரை அல்ல.

தனிநபரும் கூட்டு நிறுவனமும் இன்றைக்கும் 1920-ஆம் ஆண்டின் மாகாண திவால் சட்டத்தின் கீழ்தான் வருகிறார்கள். (சென்னை நகரத்துக்கு மட்டும் 1909-இன் தனிச் சட்டம், அங்கே உயர் நீதிமன்றம் விசாரிக்கும்.) 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கென்று ஒரு பகுதி எழுதப்பட்டிருந்தாலும், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தில் மட்டுமே, 2019 டிசம்பர் 1 முதல், அது நடைமுறைக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பழைய சட்டம்தான். 500 ரூபாய் கடன் இருந்தாலே ஒருவர் திவால் மனுப் போடலாம் என்ற வரம்பு அதில் இன்னும் அப்படியே கிடக்கிறது. 500 ரூபாய்க்கு ஒரு கட்டு நூல் வாங்க முடியாத காலத்திலும் அதை யாரும் தொடவில்லை.

இந்த மனுக்களைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் சார்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. மனுப் போட்டவர் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர்தான் கணக்கு. பொள்ளாச்சிக்காரர் என்றால் பொள்ளாச்சியில், உடுமலைக்காரர் என்றால் உடுமலைப்பேட்டையில், கோவை நகரத்தவர் என்றால் கலெக்டர் அலுவலகத்துக்கு அருகில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில். பழைய வழக்கு தேடுபவர்கள் மாவட்ட எல்லை மாறியதையும் நினைவில் வைக்க வேண்டும். ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும்தான் தனி மாவட்டங்களாயின.

கையில் சம்மன் இருந்தால் தேடவே வேண்டாம்; கோர்ட் பெயரும் ஐ.பி. எண்ணும் ஆண்டும் அதிலேயே இருக்கும். இல்லாதவர்கள் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்துக் கட்சிக்காரர் பெயரிலும் ஆண்டிலும் தேடலாம். இங்கே பலர் தோற்பது எழுத்துக்கூட்டலில். பழனிசாமியை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். இனிஷியல் முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும். முழுப்பெயரைப் போடாமல் முதல் ஐந்தாறு எழுத்துகளோடு நிறுத்தித் தேடுங்கள். நிலுவை, முடிந்தது என்று கேட்கும் இடத்தில் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். நிலுவையில் இல்லை என்பதற்காக வழக்கே இல்லை என்று ஆகாது.

வழக்கு நிலை என்பது வெறும் தேதிப் பட்டியல். மனுவோடு கடன்பட்டவர் தாக்கல் செய்யும் இரண்டு பட்டியல்களில்தான் விஷயமே இருக்கிறது: யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், தன்னிடம் என்ன சொத்து இருக்கிறது. முதல் பட்டியலில் மைத்துனர், மாமனார் பெயரில் லட்சக்கணக்கில் கடன் நிற்கிறதா என்று பாருங்கள். வரக்கூடிய கொஞ்ச சொத்தும் பங்கு பிரியும்போது அந்தத் தொகைதான் உங்கள் பங்கைச் சுருக்கும். இரண்டாவது பட்டியலை வைத்துக்கொண்டு பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாக வில்லங்கம் பாருங்கள். மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் தோட்டமோ வீடோ மனைவி பெயருக்குத் தானமாகப் போயிருந்தால், அவர் திவாலானவராக அறிவிக்கப்பட்டபின் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு இடம் தருகிறது. கடைசி மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கடனை அடைத்திருந்தால் அதற்கு 54-ஆவது பிரிவு. திவாலானவரின் சொத்தைக் கையாளக் கோர்ட் நியமிக்கும் ரிசீவர் இதில் கை வைக்க மறுத்தால் கோர்ட் அனுமதி பெற்றுக் கடன் கொடுத்தவரே மனுப் போடலாம். நல்ல நிலையில் ஓடிய குடும்பம் திடீரென்று ஐ.பி. போட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது வில்லங்கச் சான்றைத்தான்.

இன்னொன்று. மனு நிலுவையில் இருக்கிறது என்பதாலேயே நீங்கள் போட்ட பண வழக்கு தானாக நின்றுவிடாது. திவால் அறிவிப்பு உத்தரவு வந்தபிறகுதான் கோர்ட் அனுமதியில்லாமல் புது வழக்குப் போட முடியாமல் போகும். அந்த உத்தரவு அரசிதழிலும் வெளியாக வேண்டும். அப்போது ஒதுங்கி நிற்காமல், கடன் உண்மை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, கடன் கொடுத்தவர்கள் அட்டவணையில் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டைப் பார்ப்பதற்கும் நகல் வாங்குவதற்கும் நகல் மனு கொடுக்க வேண்டும். எதிர்மனுதாரராகப் பெயர் இருந்தால் நீங்கள் வழக்கின் கட்சிக்காரர், கேட்டு வாங்கலாம். வெளியாள் என்றால் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்லி நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் நேரத்தை வீணாக்க வேண்டாம்: நீதிமன்ற ஆவணங்களின் நகலை அந்தந்த நீதிமன்ற விதிப்படியே பெற வேண்டும் என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கம்பெனி என்றால் கதை வேறு. கோவை கம்பெனிப் பதிவாளரிடம் பதிவான நிறுவனத்தின் அடையாள எண்ணில் 'டி-இசட்' என்ற இரண்டெழுத்து இருக்கும். சென்னைப் பதிவுக்கு 'டி-என்'. ஆனால் பதிவு கோவையில் இருந்தாலும் திவால் வழக்கு நடப்பது சென்னை ராஜாஜி சாலையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில். 2020 மார்ச் முதல் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி இருந்தால்தான் அங்கே மனுப் போட முடியும். நல்ல விஷயம், இங்கே காகிதம் தேடுவது சுலபம். தீர்ப்பாயத்தின் தளத்தில் உத்தரவுகள் கிடைக்கும். திவால் வாரியத்தின் தளத்தில் பொது அறிவிப்பும் கடன் கொடுத்தவர்கள் பட்டியலும் கிடைக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிறுவனத்தின் நிலை என்ற இடத்திலேயே திவால் நடவடிக்கையா, கலைப்பா என்று போட்டிருக்கும். அறிவிப்பு ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வரும். இடைக்காலத் தீர்வு நிபுணர் நியமனமான 14 நாளுக்குள் உரிமை கோர வேண்டும் என்பதால், தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சரக்கு கொடுத்தவர்களுக்கு 'பி' படிவம், தொழிலாளர்களுக்கு 'டி' படிவம். 2016-க்கு முன் கலைக்கப்பட்ட பழைய மில்களின் காகிதங்களுக்கு உயர் நீதிமன்றத்தின் கம்பெனிக் கலைப்பு அதிகாரியிடம்தான் போக வேண்டும்.

வங்கி போட்ட வழக்கு என்றால் கோவையிலேயே கடன் வசூல் தீர்ப்பாயம் இருக்கிறது. 2012-இல் பெருந்துறை ஈமு பண்ணைகள் சரிந்ததைப் போன்ற விவகாரங்கள் திவால் வழக்கே அல்ல; அவை 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி கோவையில் உள்ள சிறப்பு நீதிமன்றத்தில் நடப்பவை. ஈமுவில் பணம் போட்டவர் சார்பு நீதிமன்றத்தில் ஐ.பி. எண் தேடிக்கொண்டிருந்தால் ஆயுளுக்கும் கிடைக்காது.

கடைசியாக, பழைய ஐ.பி. ஒன்றைக் காட்டி ஒருவருக்குச் சரக்கு கொடுக்க மறுப்பவர்கள் கட்டின் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது. திவாலானவர் குறித்த காலத்துக்குள் விடுவிப்பு கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்காமல் விட்டிருந்தால் 43-ஆவது பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகியிருக்கலாம். அப்போது பழைய கடன் கொடுத்தவர்களின் கை மறுபடியும் அவிழ்ந்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி உத்தரவு கட்டில் இருக்கும்.