வாட்டைப் பார்க்காதீர்கள், வசனத்தைக் கேளுங்கள்

பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவரின் கண் முதலில் போவது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் கணக்கின் மீதுதான். கடைக்காரரும் அதையே படித்துக் காட்டுவார். பிறகு ஒரு சண்டைக் காட்சியைப் போட்டு, ஷோகேஸ் கண்ணாடி அதிரும்படி, தாழ்ந்த ஒலிக்கான பெட்டியான சப்வூஃபரை முடுக்கிவிடுவார். அதோடு பேரம் படிந்துவிடும். ஸ்பீக்கர் நல்லதா, சுமாரா என்று சொல்வதில் ஆகக் குறைவாக உதவுபவை இந்த இரண்டும்தான்.

ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஏற்பாடு எளியது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. பாட்டு மின்சாரமாகச் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் ஆடுகிறது. கூம்பு காற்றைத் தள்ளி இழுக்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் இந்த அமைப்பை விளக்கி எழுதினார்கள். நூறு ஆண்டு கழித்தும் அடிப்படை அதேதான். தொல்லை வருவது நம் காதின் வீச்சினால். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காது அது. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றை அசைக்கும் பெரிய கூம்பு வேண்டும்; உச்ச ஒலிக்கு லேசான, சிறிய ட்வீட்டர் வேண்டும். ஒரே கூம்பு இரண்டையும் ஒழுங்காகச் செய்வது கடினம். விலை குறையக் குறைய இந்த வேலைப் பிரிவினையில்தான் கை வைக்கிறார்கள்.

வாட் கணக்கின் மாயம்

‘பிஎம்பிஓ’ என்று போட்டு ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருந்தால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடலாம். அதை எப்படி அளக்க வேண்டும் என்று எந்தத் தரநிலையும் கிடையாது. இந்தச் சிக்கல் பழையது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களுக்கு 1974லேயே விதி வகுக்க வேண்டியிருந்தது. தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ‘ஆர்எம்எஸ்’ வாட் பரவாயில்லை. அதிலும் எவ்வளவு உருக்குலைவில் அளந்தது என்று பாருங்கள். 10 சதவீத உருக்குலைவில் கிடைத்த வாட், கேட்கத் தகாத நிலையில் அளந்த வாட்.

அடாப்டரில் ஓடும் சிஸ்டம் என்றால் சோதனை இன்னும் சுலபம். அடாப்டரில் 19 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 57 வாட். கணப்பொழுது அதற்கு மேல் எகிறலாம். தொடர்ந்து 200 வாட் தர வழியே இல்லை.

வாட் உண்மையாகவே இருந்தாலும் அது பாதிக் கதைதான். வாட் என்பது மாட்டுக்குப் போடும் தீனி. ஒலி என்பது கறக்கும் பால். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே ஸ்பீக்கரின் உணர்திறன். 84 டெசிபல் தரும் ஸ்பீக்கர் 100 வாட்டில் எழுப்பும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்டிலேயே எழுப்பிவிடும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

குரல் எங்கிருந்து வருகிறது?

மலிவு 5.1 செட்டுகளின் உண்மையான பலவீனம் சப்வூஃபரில் இல்லை. உள்ளங்கை அளவு இருக்கும் அந்த ஐந்து குட்டிப் பெட்டிகளில் இருக்கிறது. மூன்று அங்குலக் கூம்பு 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே திணறும். ஆகவே அதற்குக் கீழான எல்லாவற்றையும் சப்வூஃபர் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆண் குரலின் அடிச்சுருதியோ ஏறத்தாழ 100 முதல் 150 ஹெர்ட்ஸ். விளைவு, கதாநாயகன் பேசும்போது குரலின் கனம் அறை மூலையிலிருந்தும், எழுத்துகளின் கூர்மை டிவிக்கு அடியிலிருந்தும் வருகிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குச் சுலபத்தில் பிடிபடாது. அதனால்தான் நல்ல சிஸ்டங்களில் சப்வூஃபரின் வேலை அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. அதைத் தாண்டி மேலே போகப் போக ஒலி தன் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

5.1 சினிமாவில் பெரும்பாலான வசனம் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அந்த ஒரு பெட்டி மோசமென்றால் மற்ற ஐந்தும் நன்றாக இருந்து பயனில்லை. சத்தத்தைக் கூட்டினால் வெடி காதைப் பிளக்கிறது, குறைத்தால் பேச்சு புரியவில்லை என்று ரிமோட்டும் கையுமாகப் படம் பார்ப்பவர்கள், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வலைத்துணிக்குப் பின்னால் இரண்டு கூம்பு தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். சில பெட்டிகளில் ட்வீட்டர் வெறும் அலங்காரம். பாட்டை மெதுவாக ஓடவிட்டு அதனருகே காதை வைத்துப் பாருங்கள்; தாளத்தின் சிலுசிலுப்பும் ‘ஸ’ எழுத்தின் சீறலும் அங்கிருந்து வர வேண்டும்.

மிருதங்கம் சொல்லும் தீர்ப்பு

நல்ல பேஸ் என்றால் அதிர்வு என்று நினைக்கிறோம். ஆனால் தாழ்ந்த ஒலியிலும் சுரம் இருக்கிறது. தரம் குறைந்த சப்வூஃபர் தன் பெட்டிக்குப் பிடித்த ஓர் அதிர்வெண்ணில் மட்டும் முழங்கும். எதை வாசித்தாலும் ஒரே ‘தும்’ தான். மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி தானும் சேர்ந்து ஆடி அதைக் குழப்பும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான மரத்தூள் பலகைப் பெட்டி ‘டொக்’ என்று அடங்கும். பிளாஸ்டிக் ‘டப்’ என்று எதிரொலிக்கும்.

பேஸில் சுரம் தெரிகிறதா என்று பார்க்க மிருதங்கத்தைவிட நல்ல பரீட்சை கிடையாது. வலந்தலையில் இருக்கும் கருப்புப் பூச்சு அதன் மேற்சுரங்களை ஒழுங்கான விகிதத்தில் கொண்டுவருவதை சி.வி. ராமன் ஆராய்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அது சுருதியோடு ஒலிக்கும் தோற்கருவி. இடப்பக்கத் தொப்பியில் கும்கி என்னும் அடி விழும்போது ஒலி வழுக்கிக்கொண்டு மேலேறுவது காதில் தெளிவாகப் படவேண்டும். தெரியாமல் வெறும் முழக்கம் மட்டும் கேட்டால் அந்த சப்வூஃபரை விட்டுவிடலாம். மிருதங்கம் பழக்கமில்லை என்றால் எண்பதுகளின் இளையராஜா பாட்டு போதும். பேஸ் கிடார் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எண்ணக் கிடைக்க வேண்டும்.

கடையில் என்ன செய்வது?

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். எந்த அதிர்வெண்ணையும் தூக்காமல், அமுக்காமல் சமமாக ஒலிப்பதையும், பக்கவாட்டில் நின்று கேட்டாலும் குணம் மாறாததையுமே பெரும்பாலோர் விரும்பினார்கள். பின்னர் ஷான் ஆலிவுடன் சேர்ந்து அவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்ததுமே மதிப்பெண்கள் மாறிப்போயின. ஆக, கடையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு சிஸ்டங்களை ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சத்தம் கூடினால் பேஸும் கூடுதலாகக் கேட்பது காதின் இயல்பு. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டியது இது. கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றிவிடும். கடையின் டெமோ படத்தை ஒதுக்கிவிட்டு, மனப்பாடமான ஒரு பாட்டையும், மழையோ சந்தையோ இரைச்சலாக இருக்கும் ஒரு வசனக் காட்சியையும் உங்கள் போனிலிருந்தே போடுங்கள். முதலில் சத்தத்தைக் குறைத்துவைத்து, பேச்சு புரிகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் அறையும் தன் பங்கைக் கேட்கும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது சுவரில் மோதித் திரும்பி ஓரிடத்தில் பெருகும், ஓரிடத்தில் காணாமல் போகும். மூலையில் வைத்த சப்வூஃபர் தேவைக்கு மேல் முழங்கினால் அதைச் சற்று நகர்த்திப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. குட்டி ஸ்பீக்கர்களைப் பரணுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டாமல், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான அறையில் கனமான திரைச்சீலை ஒன்று வசனத்தைத் தெளிவாக்கும்.

கடைசியாகப் பணக்கணக்கு. ஒரே தொகையை ஆறு பெட்டிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்பம். அதே பணத்தில் ஐந்து அங்குலக் கூம்பும் உண்மையான ட்வீட்டரும் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் கிடைத்தால், பின்னாலிருந்து ஹெலிகாப்டர் பறக்காது. ஆனால் படத்தில் பேசுகிறவர்கள் மனிதர்களாகப் பேசுவார்கள். சப்வூஃபரை அடுத்த தீபாவளி போனஸில் சேர்த்துக்கொள்ளலாம்.