சுருளும் பாட்டில், சுருங்காத சட்டை

"பாலியெஸ்டர் சட்டையும் பெட் பாட்டிலும் ஒரே பொருள் என்கிறீர்கள். வெந்நீர் ஊற்றினால் பாட்டில் சுருண்டுபோகிறது. சட்டை மட்டும் இஸ்திரிக்குத் தாக்குப்பிடிக்கிறதே, எப்படி?" வாசகர் ஒருவரின் கேள்வி.

நியாயமான கேள்விதான். டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் வினைபுரிந்து, தண்ணீர் வெளியேற, நீண்ட சங்கிலிகளாக இணைவதுதான் பெட். 1930களில் அமெரிக்க வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் செய்துபார்த்த பாலியெஸ்டர்கள் குறைந்த சூட்டிலேயே உருகின. அவர் நைலான் பக்கம் போய்விட்டார். 1941இல் இங்கிலாந்து வேதியியலாளர்கள் வின்ஃபீல்டும் டிக்சனும் சங்கிலிக்குள் பென்சீன் வளையத்தைக் கொண்டுவந்தார்கள். பெயர்தான் வளையம், லேசில் வளைந்துகொடுக்காது. உருகுநிலை 250 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. டெரிலீன் என்ற பெட் இழை பிறந்தது.

உருகுவதற்கு வெகுமுன்பே, 70–80 டிகிரியில், பெட் இளகிவிடும். அதுவரை உறைந்துகிடந்த சங்கிலிகள் அசையத் தொடங்கும். சோதனைக்குழாய் போன்ற தடித்த குழாயைச் சூடாக்கி, கம்பியால் நீட்டி, காற்றால் ஊதி, குளிர்ந்த அச்சில் சட்டென ஆற வைத்தால் பாட்டில். இழுபட்ட சங்கிலிகள் முழுக்க ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசம் கிடையாது. வெந்நீர் பட்டதும் பழைய இடியாப்பச் சிக்கலுக்கே திரும்பிவிடுகின்றன. சுருண்ட பாட்டிலைக் கையிலெடுத்துப் பாருங்கள்: உடம்புதான் ஒடுங்கியிருக்கும், மூடி திருகும் கழுத்து அவ்வளவாகச் சுருங்கியிருக்காது. ஊதும்போது கழுத்தை யாரும் இழுக்கவில்லையே!

சட்டையின் கதை வேறு. அதற்கான பெட் நூலை நீட்டியபின் விறைப்பாகப் பிடித்து 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்குவார்கள். ஹீட் செட்டிங் என்பார்கள் ஆலைக்காரர்கள். சங்கிலிகள் படிகங்களாக இறுகிவிடும். அளவான இஸ்திரிச் சூடு அவற்றை அசைக்காது.

பாட்டிலை உருக்கி நூலாக்கவும் முடியும். திருப்பூர்ப் பின்னலாடைகளில் அந்த நூலும் உண்டு. இடைஞ்சல், சில பாட்டில்களைச் சுற்றியிருக்கும் பளபளப்பான பி.வி.சி. உறை. தரம்பிரிக்கத் தண்ணீரில் போட்டால் மூடிகள் மிதக்கும், தனியே அள்ளிவிடலாம். பி.வி.சி.யோ பெட்டைப் போலவே மூழ்கும். பெட் உருகும் சூட்டில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கும். பெட்டின் சங்கிலிகள் அறுபடும், நிறம் மஞ்சளிக்கும். கொஞ்சம் கலந்தாலே போதும், நூல் கெட்டுவிடும். தண்ணீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் லேபிள் கடையில் கிடைக்கும்போது, விற்பனைப் பளபளப்புக்காக பி.வி.சி. சுற்றுவது அக்கிரமம். கம்பெனிகள் திருந்தும்வரை, பாட்டிலை வீசுமுன் அந்த உறையை நீங்களே கிழித்தெடுத்துவிடுங்கள்.