பக்கிங்காம் கால்வாய்க் கரையும் கிராமத்தார் கடமையும்

அத்திப்பட்டுக்குக் கிழக்கே, கடலுக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடும் பக்கிங்காம் கால்வாயை அறியாத குடியானவர் இப்பகுதியில் இல்லை. ஆயினும் அதன் கரையைப் பேணுவதால் விளையும் நன்மைகளைப் பலர் கவனிப்பதில்லை. அவற்றை ஈண்டுச் சுருக்கமாக விளக்குவோம்.

1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்னும் வர்த்தகரின் முயற்சியால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை, சுமார் 11 மைல் தூரத்திற்கு இக்கால்வாய் முதலில் வெட்டப்பட்டது. பின்னர் அது பழவேற்காடு ஏரி வரையிலும் அதற்கு வடக்கிலும் நீட்டப்பட்டது. 1837-இல் சர்க்கார் வசமாயிற்று. 1877–78-இல் தாது வருஷப் பஞ்சத்தால் தவித்த ஏழைகளுக்கு வேலையளிக்கும் பொருட்டு, சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்துக் கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு இடப்பட்டது. நெல், உப்பு, சவுக்கு விறகு முதலியன படகுகளில் சென்றன. படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவர்கள் நடந்த தடமே இன்று நாம் காணும் கரைப்பாதை.

படகுப் போக்குவரத்து நின்றபோதிலும் கால்வாயின் பிரயோஜனம் நீங்கிவிடவில்லை. மழைக்காலத்து மிகுநீர் இதன் வழியே கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை அடைந்து கடலிற் சேர்கிறது. வற்றத்தின்போது வடிந்து, ஏற்றத்தின்போது உப்புநீர் உட்புகும் இடமாகையால், கரை உறுதியாயிருந்தாலன்றி அருகிலுள்ள நிலங்கள் உவர் பாய்ந்து கெடும். 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த ஆழிப்பேரலையின் வேகத்தைப் பல இடங்களில் இக்கால்வாய் உள்வாங்கித் தணித்தது. அதற்கு மாறாக, 2023 டிசம்பர் மாதத்து வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு இதன் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் பாழாக்கிற்று. நீரோட்டம் நன்மையைக் கொண்டுவருவது போலவே தீங்கையும் கொண்டுவரும் என்பது இதனால் விளங்கும்.

கிராமத்தார் செய்யத்தக்கவை பின்வருமாறு:

(1) கரையின் அடிப்பாகத்தில் மண் எடுத்தலாகாது. அவ்விதம் எடுத்த இடமே பெருவெள்ளத்தில் முதலில் உடையும்.

(2) சீமைக் கருவேலை வெட்டினால் மட்டும் போதாது, மீண்டும் தழைக்கும். கோடையில் வேரோடு அகழ்ந்து, குழியை மண்ணிட்டு இறுக்கி, முதல் மழையில் அறுகம்புல் பதித்தல் வேண்டும். இன்றேல் இளகிய மண் மழையில் கரையும்.

(3) கரையின் மேற்புறத்தில் 10 அடிக்கு ஒன்றாகப் பனங்கொட்டைகளை 4 அங்குல ஆழத்தில் ஊன்றலாம். பூவரசு, புங்கு, வேம்பு ஆகியவை வழிநடப்போர்க்கு நிழல் தரும்.

(4) ஏற்றவற்றம் உள்ள சேற்று விளிம்பில் அலையாத்தி வித்துக்களை மழைக்காலத்தில் ஊன்றலாம். அதன் வேர்கள் கரையைப் பிணிப்பதுடன் இறால், நண்டுக் குஞ்சுகளுக்கும் புகலிடமாகும்.

(5) குப்பை, சாக்கடை நீர், ஆலைக் கழிவு, சாம்பல் இவற்றைக் கண்டவுடன் இடத்தையும் தேதியையும் குறித்து, பஞ்சாயத்து மூலம் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவித்தல் வேண்டும்.

கால்வாய் சர்க்கார் உடைமையாதலின், இவ்வேலைகளைத் தொடங்குமுன் நீர்வளத் துறையின் அனுமதியும், அலையாத்தி நடுவதற்கு வனத்துறையின் ஆலோசனையும் பெறுதல் அவசியம்.

கரையை இவ்வாறு பேணிய கிராமத்தார்க்கு அதுவே பொழுதுபோக்கிற்கும் சிறந்த இடமாகும். காலையிலும் மாலையிலும் முதியோர் உலாவலாம். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று ஏற்றவற்றத்தையும் கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளையும் நேரிற் காட்டலாம். குளிர்காலத்தில் வடக்கே பழவேற்காடு வரை செல்வோர் பூநாரைக் கூட்டங்களையும் காணலாம். மனமுவந்து நடக்கும் பாதையில் உடைப்பும் கழிவும் உடனே கண்ணிற்படும். ஒருவரும் நடவாத கரையோ கேட்பாரற்றுக் கெடும்.

ஏரி குளங்களைக் குடிமராமத்தினால் காத்தவர் நம் முன்னோர். அம்முறையையே இக்கரைக்கும் கைக்கொண்டு, வீட்டுக்கு ஓர் ஆள் மாதம் ஒரு நாள் உழைப்பாராயின், நிலமும் நீரும் பாதையும் ஒருங்கே பயன்பெறும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இதனைத் தொடங்குதல் நலம்.